பழைய மேசைக்கணினியும் எஸ்எஸ்டியும்: வேகம் எங்கிருந்து வருகிறது?

மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிரே இருக்கும் பட்டர்வொர்த்தில் என் சித்தப்பா நடத்தும் சிறிய அச்சகத்தில், 2012ஆம் ஆண்டில் வாங்கிய மேசைக்கணினி ஒன்று இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. திருமண அழைப்பிதழ், புதுமனை புகுவிழா அட்டை, கோயில் திருவிழாத் துண்டறிக்கை, கருமக்கிரியைப் பத்திரிகை என்று ஊராரின் நல்லது கெட்டது எல்லாம் அந்தக் கணினியில்தான் எழுத்தாகி வெளிவந்தன. சில ஆண்டுகளுக்கு முன்பு அது மிகவும் தளர்ந்துவிட்டது. காலையில் கடையைத் திறந்ததும் சித்தப்பா அதன் பொத்தானை அழுத்திவிட்டு, சாமி படத்துக்கு விளக்கேற்றி, பக்கத்துக் கடையில் தே தாரிக் வாங்கிக்கொண்டு வந்து உட்காரும்போதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன்: பொத்தானை அழுத்தியதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து வேலை தொடங்கும் வரை ஏறக்குறைய ஆறு நிமிடம் ஆயிற்று. புதுக் கணினி வாங்கிவிடுங்கள் என்று பலரும் சொன்னார்கள். அதற்கு முன்பாக, அந்தக் கணினி எதற்காகக் காத்திருக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம் என்று நான் சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டேன்.

அதைப் பார்ப்பது கடினமன்று. விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதைத் திறந்து, ப்ராசஸர் (கணக்கிடும் மூளை), ரேம் (தற்காலிக நினைவகம்), டிஸ்க் (சேமிப்பகம்) என்னும் மூன்றின் எண்களையும் ஒருங்கே கவனியுங்கள். சித்தப்பாவின் கணினியில் ப்ராசஸர் 9 விழுக்காடு என்று காட்டியது. டிஸ்க் 100 விழுக்காட்டிலேயே நின்றது. மூளை கிட்டத்தட்டச் சும்மா இருக்கிறது, சேமிப்பகம் மட்டும் மூச்சு முட்ட ஓடுகிறது என்பது இதன் பொருள். இன்னும் உற்றுப் பார்த்தால் ஒரு புதிர் தென்படும். டிஸ்க் முழு மூச்சாக ஓடுவதாகச் சொல்லும் அதே திரையில், அது படித்துத் தரும் தரவின் அளவு நொடிக்கு ஒரு மெகாபைட்டைக்கூடச் சில வேளைகளில் எட்டுவதில்லை. முழு உழைப்பு இருந்தும் விளைச்சல் ஏன் இவ்வளவு குறைவு? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், பழைய வன்தட்டுக்குப் பதிலாகப் பொருத்தும் எஸ்எஸ்டி என்னும் சேமிப்பகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

ஹார்ட் டிஸ்க் என்று நாம் சொல்லும் வன்தட்டின் உள்ளே காந்தப் பூச்சுள்ள வட்டத் தகடுகள் சுழல்கின்றன. அவற்றின் மேற்பரப்பை ஒட்டியபடி ஒரு கையின் முனையில் இருக்கும் தலைப்பகுதி முன்னும் பின்னும் நகர்ந்து தரவைப் படிக்கிறது, எழுதுகிறது. 1956இல் ஐபிஎம் நிறுவனம் முதல் வன்தட்டை வெளியிட்டபோது அதில் 24 அங்குல அகலமுள்ள 50 தகடுகள் இருந்தன. இன்றைய வன்தட்டு உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. அளவு சுருங்கினாலும் அடிப்படை மாறவில்லை. ஒரு தரவு வேண்டுமானால் தலைப்பகுதி உரிய தடத்துக்கு நகர வேண்டும். பிறகு அந்தத் தரவு இருக்கும் இடம் சுழன்று தலைக்குக் கீழே வந்து சேர வேண்டும்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மேசைக்கணினிகளில் பரவலாக இருக்கும் வன்தட்டு நிமிடத்துக்கு 7200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி ஆகிறது. வேண்டிய இடம் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிநொடிக்குச் சற்று மேல் காத்திருக்க வேண்டும். தலைப்பகுதி நகர்வதற்குச் சராசரியாக 9 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 13 மில்லிநொடி. அப்படியானால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் தரவுத் துண்டுகளை ஒரு நொடியில் ஏறக்குறைய 75 முறைதான் அதனால் எடுத்துத் தர முடியும். ஒவ்வொரு துண்டும் 4 கிலோபைட் என்றால் நொடிக்கு 300 கிலோபைட். டாஸ்க் மேனேஜரில் கண்ட புதிர் இங்கே அவிழ்கிறது. வன்தட்டின் நேரம் முழுவதும் படிப்பதில் அன்று, தேடிப் போவதில்தான் கழிகிறது. விண்டோஸ் தொடங்கும்போதும் பெரிய மென்பொருள் திறக்கும்போதும் நடப்பது இத்தகைய சிறு சிறு தேடல்களே. அவை ஆயிரக்கணக்கில் வரிசைகட்டி நிற்கின்றன. அதே வன்தட்டிடம் ஒரு நீளமான காணொளிக் கோப்பைக் கேட்டால், தடம் மாறாமல் தொடர்ந்து படித்து நொடிக்கு 150 மெகாபைட் அளவில் தந்துவிடும்.

பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரு நல்ல உவமை கைவசம் இருக்கிறது. 1985இல் பாலம் திறக்கப்படும் வரை, பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குக் கார் போக வேண்டுமானால் ஃபெரிதான் வழி. உங்கள் காரில் எவ்வளவு வேகமான எஞ்சின் இருந்தாலும் துறைமுகத்தில் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். ஃபெரி ஒரே நடையில் பல வண்டிகளை ஏற்றிச் செல்லும், அதில் குறையில்லை. ஆனால் ஒரே ஒரு கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, அதற்குப் பதில் வாங்கி வந்து, அந்தப் பதிலைப் படித்த பிறகு அடுத்த கடிதத்தை எழுத வேண்டிய ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் முழுப் பயணமும் காத்திருப்பும் தப்பாது. பழைய கணினியின் ப்ராசஸர் அந்த நிலையில்தான் இருக்கிறது. எஞ்சினை மாற்றுவதால் பயனில்லை. கடக்கும் வழியை மாற்ற வேண்டும்.

எஸ்எஸ்டியில் சுழலும் தகடும் இல்லை, நகரும் கையும் இல்லை. கைப்பேசியிலும் யுஎஸ்பி விரலியிலும் இருக்கும் அதே ஃபிளாஷ் நினைவகச் சில்லுகள்தான் அதன் உள்ளே இருக்கின்றன. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகாவும் அவருடைய குழுவினரும் 1987இல் அறிமுகப்படுத்திய நாண்ட் வகை ஃபிளாஷ்தான் இதற்கு அடிப்படை. கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய அறைகளில் மின்னணுக்களை அடைத்துவைத்து, அடைபட்டிருக்கும் அளவைக் கொண்டு தரவைக் குறிக்கும் முறை இது. மின்சாரம் நின்றாலும் மின்னணுக்கள் அறைகளிலேயே தங்கியிருப்பதால் தரவு அழிவதில்லை. எந்த அறையில் இருப்பதைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், அதாவது 0.1 மில்லிநொடி அளவில், விடை வந்துவிடுகிறது. 13 மில்லிநொடி எங்கே, 0.1 மில்லிநொடி எங்கே! நூறு மடங்குக்கும் மேற்பட்ட இந்த வேறுபாடுதான் பழைய கணினிக்கு உயிர் கொடுக்கிறது. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் நொடிக்கு 550 மெகாபைட் என்ற எண், வன்தட்டைப் போல மூன்று அல்லது நான்கு மடங்குதான். விளம்பரங்கள் அந்தச் சிறிய வெற்றியைப் பெரிதாகச் சொல்லிவிட்டுப் பெரிய வெற்றியைச் சொல்லாமல் விடுவது எனக்கு எப்போதுமே வருத்தம் தருகிறது, ஏனென்றால் அதனால்தான் பலர் தேவைக்கு மீறிய விலையில் வாங்கிவிடுகிறார்கள்.

இந்த மாற்றம் நம் நாட்டுத் தொழிற்சாலைகளிலும் நடந்திருக்கிறது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவில் இருந்த தன் வன்தட்டு ஆலையை 2019 முடிவதற்குள் மூடப்போவதாக 2018இல் அறிவித்தது. வன்தட்டுகளின் தேவை குறைந்துவருவதைக் காரணமாகச் சொன்ன அதே அறிவிப்பில், பினாங்கில் எஸ்எஸ்டி உற்பத்தியைப் பெருக்கப்போவதாகவும் தெரிவித்தது. பட்டர்வொர்த்துக்குத் தெற்கே, இரண்டாவது பாலம் பெருநிலத்தைத் தொடும் பத்து கவானில் மைக்ரான் நிறுவனத்துக்கும் ஆலை இருக்கிறது. நம் உறவினர்களில் எத்தனையோ பேர் இத்தகைய ஆலைகளில் வேலை பார்த்திருக்கிறார்கள், பார்க்கிறார்கள்.

எஸ்எஸ்டியால் ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். அது ப்ராசஸரின் கணக்கிடும் வேகத்தைக் கூட்டாது. ஆகவே காணொளித் தொகுப்பை இறுதி வடிவமாக்க ஒரு மணி நேரம் எடுத்த கணினி இனியும் ஏறக்குறைய அதே நேரம்தான் எடுக்கும். இணைய வேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ரேம் 2 ஜிபி மட்டுமே இருக்கும் கணினியில், உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தாலே நினைவகம் நிரம்பி, கணினி சேமிப்பகத்தைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கிவிடும். அத்தகைய கணினியில் ரேமை 8 ஜிபி ஆக்குவதையும் சேர்த்தே திட்டமிடுவது நல்லது. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது, ரேம் ஏற்கெனவே 4 ஜிபி இருக்கிறது என்றால், முதலில் எஸ்எஸ்டியை வாங்குங்கள் என்றே நான் சொல்வேன்.

வாங்கும்போது வகையைக் கவனிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டு பழைய மேசைக்கணினிக்கு ஏற்றது, 2.5 அங்குல வடிவில், சாட்டா என்னும் கம்பிவழி இணைப்புடன் வரும் எஸ்எஸ்டி. என்விஎம்இ என்று அழைக்கப்படும் மெல்லிய பட்டை வடிவிலானவை இன்னும் பல மடங்கு வேகமானவை என்பது உண்மை. ஆனால் அவற்றைச் செருகுவதற்கான இடம் பழைய தாய்ப்பலகைகளில் (மதர்போர்டுகளில்) இருப்பதில்லை. தனி அட்டை ஒன்றின் உதவியால் செருகினாலும், அந்தக் காலத்துப் பயோஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை நிரல்) பெரும்பாலும் அதிலிருந்து கணினியைத் தொடக்க மறுத்துவிடும். சாட்டாவிலும் தலைமுறைகள் உண்டு. சித்தப்பாவின் கணினியில் இருந்த எச்61 வகைத் தாய்ப்பலகையில் நொடிக்கு 3 கிகாபிட், அதாவது ஏறக்குறைய 300 மெகாபைட் வேகமுள்ள இணைப்புத் துளைகள் மட்டுமே இருந்தன. அதில் எஸ்எஸ்டியின் 550 மெகாபைட் வேகம் பாதியாகச் சுருங்கிவிடும். அதனால் வாங்கவே வேண்டாம் என்று ஒரு கடைக்காரர் எங்களிடம் சொன்னார். அது சரியன்று. சுருங்குவது நீளமான கோப்புகளைத் தொடர்ந்து படிக்கும் வேகம்தான்; சிறு துண்டுகளைத் தேடும் வேகம் அந்த வரம்பைத் தொடுவதே இல்லை.

கொள்ளளவைப் பொறுத்தவரை, விண்டோஸும் அன்றாட மென்பொருள்களும் மட்டும் என்றால் 250 ஜிபி போதும். பழைய வன்தட்டை அப்படியே நகலெடுக்கப் போகிறீர்கள் என்றால் அதற்குச் சமமான அல்லது கூடுதலான அளவில் வாங்குங்கள்; 500 ஜிபி வன்தட்டை 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு நகலெடுக்கச் சில மென்பொருள்கள் மறுத்துவிடும். எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துபோகும் என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. ஃபிளாஷ் அறைகளை எண்ணற்ற முறை அழித்து எழுத முடியாது என்பது உண்மைதான். சாம்சங் 870 ஈவோ 250 ஜிபி எஸ்எஸ்டிக்கு ஐந்து ஆண்டு அல்லது 150 டெராபைட் எழுதும் வரை, இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் தரப்படுகிறது. நாள்தோறும் 20 ஜிபி எழுதினாலும் அந்த அளவை எட்ட 7,500 நாள், அதாவது இருபது ஆண்டு ஆகும். அச்சகத்திலோ வீட்டிலோ நாளுக்கு 20 ஜிபி எழுதுவதே அரிது.

உண்மையில் அஞ்ச வேண்டியது போலிகளைக் கண்டு. பல டெராபைட் கொள்ளளவு என்று சொல்லி, நம்ப முடியாத குறைந்த விலையில் இணையச் சந்தைகளில் விற்கப்படும் எஸ்எஸ்டிகள் சிலவற்றின் உள்ளே ஒரு சிறிய மெமரி கார்டு மட்டுமே இருக்கும். பெரிய அளவைக் காட்டும்படி அதன் கட்டுப்பாட்டு நிரல் மாற்றப்பட்டிருக்கும். உண்மையான அளவு நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் பாழாகும். ஜார்ஜ்டவுனில் கொம்தார் வட்டாரத்திலோ கோலாலம்பூரில் லோ யாட் பிளாசாவிலோ, உத்தரவாதச் சீட்டுடன் நேரில் பார்த்து வாங்குவது நிம்மதி. வாங்கும்போது மறக்காமல் ஒரு சாட்டா தரவுக் கம்பியையும் வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியின் பெட்டியில் அது பெரும்பாலும் இருக்காது.

இனி, பழையதில் இருப்பதைப் புதியதற்கு எப்படிக் கொண்டுபோவது என்பது. வழி இரண்டு. விண்டோஸைப் புதிதாக நிறுவலாம், அல்லது பழைய வன்தட்டை உள்ளபடியே நகலெடுக்கலாம். புதிதாக நிறுவினால் பல ஆண்டுக் குப்பை ஒழியும் என்பதால் நான் அதையே விரும்புகிறவன். சித்தப்பாவின் கணினியிலும் முதலில் அதைத்தான் செய்தேன். மறுநாள் காலையில் ஒரு வாடிக்கையாளர் தம் மகளின் திருமண அழைப்பிதழுக்காக வந்து உட்கார்ந்திருந்தார். மூத்த மகளுக்கு அடித்த அதே அமைப்பில் வேண்டும் என்று கேட்டார். அந்தப் பழைய கோப்பு பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தது. அந்த மென்பொருளின் குறுவட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. அதன் எழுத்துகளை வேர்டு கோப்பு ஒன்றில் வைத்திருந்தார் சித்தப்பா. அதைத் திறந்தபோது, மணமக்களின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வரிசையாக நின்றன. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு அது. அத்தகைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. எழுத்துரு கணினியில் இல்லையென்றால் தமிழே மறைந்துவிடும். சித்தப்பாவின் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல வேளையாகப் பழைய வன்தட்டை நான் அழிக்காமல் வைத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் அதைத் திரும்ப மாட்டி அன்றைய வேலையை முடித்துக் கொடுத்தோம். அன்று இரவே, குளோன்சில்லா என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு அந்த வன்தட்டு முழுவதையும் எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தேன்.

ஆகவே தமிழில் பல ஆண்டு வேலை செய்த கணினி என்றால், குறுவட்டோ உரிம எண்ணோ தொலைந்த பழைய மென்பொருள் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் நகலெடுப்பதே மேல். புதிதாக நிறுவுவதானால், விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறை முழுவதையும், முரசு அஞ்சல் போன்ற தட்டச்சு மென்பொருளின் நிறுவல் கோப்பையும் உரிம எண்ணையும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். எந்த வழியானாலும், இழக்க முடியாத கோப்புகளுக்கு ஒரு வெளிநகல் எடுக்காமல் கணினிப் பெட்டியைத் திறக்கவே கூடாது. பழைய வன்தட்டு கிளிக் கிளிக்கென்று ஒலி எழுப்பினால் நகலெடுப்பதை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

பொருத்தும் வேலை எளிது. மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் தேங்கிய நிலைமின்னை இறக்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். எஸ்எஸ்டியின் ஓரத்தில் அருகருகே இரண்டு இணைப்புகள் இருக்கும்: அகலமானது மின்சாரத்துக்கு, குறுகலானது தரவுக்கு. இரண்டும் ஆங்கில எல் வடிவில் இருப்பதால் தலைகீழாக நுழையாது. நுழையவில்லையென்றால் அழுத்தாமல் திருப்பிப் பாருங்கள். நகரும் பாகம் எதுவும் இல்லாததால் எஸ்எஸ்டி எப்படிப் படுத்திருந்தாலும் கேடில்லை. தாங்கி கிடைக்காவிட்டால் இரண்டு திருகாணிகளால் ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தினாலே போதும்.

இரண்டு செய்திகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். புதிதாக நிறுவும்போது பழைய வன்தட்டின் கம்பியைக் கழற்றி வையுங்கள்; இல்லாவிட்டால் விண்டோஸ் தன் தொடக்கப் பகுதியைப் பழைய தட்டிலேயே எழுதிவிடக்கூடும், பிறகு அந்தத் தட்டு இல்லாமல் கணினி தொடங்காது. நகலெடுத்த பிறகான முதல் தொடக்கத்தின்போதும் எஸ்எஸ்டி மட்டுமே இணைந்திருக்கட்டும். அடுத்து, பயோஸ் அமைப்பில் சாட்டா முறை ஏஎச்சிஐ என்று இருக்கிறதா எனப் பாருங்கள். ஐடிஇ என்னும் பழைய முறையில் இருந்தால், புதிதாக நிறுவுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே நிறுவிய விண்டோஸை வைத்துக்கொண்டு இதைத் திடீரென்று மாற்றினால் நீலத்திரை வந்து நின்றுவிடும்.

வன்தட்டுக்குச் செய்த டிஃப்ராக் வேலையை எஸ்எஸ்டிக்குச் செய்ய வேண்டாம். சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்ப்பது தலைப்பகுதியின் அலைச்சலைக் குறைக்கத்தான். இங்கே அலைச்சலே இல்லை. அதற்குப் பதிலாக, அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் வேலையை விண்டோஸ் தானாகவே செய்துகொள்கிறது. ஆனால் டிரிம் நடந்துவிட்டால் தவறுதலாக அழித்த கோப்பை மீட்பது அரிது. எஸ்எஸ்டி பழுதாகும்போது வன்தட்டைப் போல முன்னதாக ஒலியெழுப்பி எச்சரிக்கவும் செய்யாது. எனவே வெளிநகல் எடுக்கும் பழக்கம் முன்பைவிட இப்போது கூடுதலாகத் தேவைப்படுகிறது. இடியும் மின்னலும் மிகுந்த நம் ஊரில் மழை வரும் மாலைகளில் இதை நினைவில் கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டி தீர்க்காத ஒரு சிக்கல் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்துவிட்டது. 2012இன் கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எல்லாம் பார்க்கும் கணினி என்றால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை அதே எஸ்எஸ்டியில் நிறுவுவது நல்ல வழி. பழைய வன்பொருளில் அது நன்றாகவே ஓடும். எங்கள் அச்சகத்துக்குப் பேஜ்மேக்கர் வேண்டியிருப்பதால், அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து அச்சு வேலைக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டோம்.

நகலெடுத்து முடித்த மறுநாள் காலை, சித்தப்பா வழக்கம்போலப் பொத்தானை அழுத்திவிட்டுத் தீப்பெட்டியை எடுக்கத் திரும்பினார். குச்சியை உரசுவதற்குள் திரை வந்துவிட்டது. "என்னப்பா, அதுக்குள்ள வந்திருச்சா?" என்று கேட்டுவிட்டு, கோப்பு ஒன்றைத் தானே திறந்து பார்த்தார். பொத்தானிலிருந்து கோப்பு வரை நாற்பது நொடிதான். பழைய வன்தட்டு இப்போது காகிதத்தில் சுற்றி, மேலே தேதி எழுதி, மைப்புட்டிகள் இருக்கும் இழுப்பறையில் கிடக்கிறது. சித்தப்பா காலையில் முதலில் விளக்கேற்றிவிட்டு அதன் பிறகுதான் கணினியின் பொத்தானை அழுத்துகிறார்.